ஆர்மரை நம்பி மூடிய குழி

சாமி,

திங்கட்கிழமை சாயங்காலம் நீ போனில் கேட்டதற்கு நான் சொன்ன பதில் தப்பு. மற்றதையெல்லாம் எழுதுவதற்கு முன்னால் இதை எழுதிவிடுகிறேன். பாதியில் எழுந்து போய்விட்டாலும் இந்த ஒரு வரியாவது உன் கைக்கு வந்து சேரட்டும். காலையிலிருந்து மூன்று தடவை உட்கார்ந்து மூன்று தடவை எழுந்துவிட்டேன். உன் அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "போன்ல ரெண்டு வார்த்த சொல்லி முடிக்கற சங்கதிய எதுக்குங்க இப்புடி எழுதி எழுதிக் கிழிக்கறீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனாள். போனில் சொல்ல முடிகிற சங்கதியாக இருந்தால் இந்தப் பன்னிரண்டு வருடத்தில் ஒரு நாளாவது உனக்குச் சொல்லியிருப்பேன். உன் அம்மாவுக்கும் சொல்லியிருப்பேன். நேற்று சாயங்காலம்தான் அவளிடமே சொன்னேன்.

உன் பெயரில் லைசென்ஸ் வந்த பிறகு நீ தனியாக எடுத்திருக்கும் முதல் பெரிய வேலை இந்த விடுதி வயரிங். பள்ளிக்கூட விடுதிக்கு டிரான்ஸ்பார்மர் பக்கத்திலிருந்து இருநூறு மீட்டருக்கு மேல் கேபிள் போகிறது, குழி வெட்டிக் கேபிளும் படுத்தாயிற்று, சனிக்கிழமை மண்ணைத் தள்ளி மூடிவிடுவோம் என்றாய். "தனியா எர்த்துப் பட்டை ஓட்டாம ஆர்மரையே எர்த்தா எடுத்துக்கிட்டாப் போதும்லங்கப்பா?" என்று கேட்டாய். நான் அப்போது ஒரு நிச்சயதார்த்தப் பந்தியில் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். "போதும் சாமி" என்றேன். நீ சந்தோஷமாக வைத்துவிட்டாய். நான் பாதிச் சோற்றிலேயே இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை காலையில் நானே கூப்பிட்டு, வேண்டாம், எர்த்துக்கென்று தனித் தகட்டுப் பட்டை போட்டுவிடு என்று சொன்னபோது உனக்குக் கோபம் வந்தது நியாயம்தான். "நேத்துப் போதும்னீங்க, இன்னிக்கு வேண்டாங்கறீங்க. நான் கணக்குப் போட்டுப் பாத்துட்டனுங்கப்பா. ஆர்மர் அளவு பத்தும், பிரேக்கர் கரெக்டா விழும். உங்களுக்குப் பயம், அவ்வளவுதான்" என்றாய். பயம் என்பது சரி. எதற்குப் பயம் என்றுதான் நீ கேட்டிருக்க வேண்டும், நானும் சொல்லியிருக்க வேண்டும்.

உன் கணக்கில் தப்பில்லை. முதலில் அதை ஒப்புக்கொள்கிறேன். கேபிளுக்குள் கரண்டு ஓடுகிற பேஸ் கம்பிகள், அவற்றின் மேல் ஓர் உறை, அதைச் சுற்றி ஆர்மர் என்று நெருக்கமாகப் படுத்திருக்கும் இரும்புக் கம்பிகள், எல்லாவற்றுக்கும் மேல் கறுப்பு உறை. மண்வெட்டி பட்டாலும் பாறாங்கல் அழுத்தினாலும் உள்ளே இருப்பது சேதமாகாமல் காப்பதற்குத்தான் அந்த இரும்புக் கம்பிகள். ஆனால் இரண்டு முனையிலும் பித்தளைக் கிளாண்டு போட்டு இறுக்கமாகப் பிடித்துவிட்டால் அவையே எர்த்தாகவும் வேலை செய்யும். எங்கேயாவது ஒரு மோட்டாரின் உடம்பில் கரண்டு ஏறினால் அது இரும்புக் கம்பிகள் வழியாக ஓடித் திரும்பி, பிரேக்கரை விழ வைத்துக் கரண்டை நிறுத்திவிடும். செம்பு மாதிரி இரும்பு கரண்டை எளிதாக விடாது. அதனால் நீளம் கூடக் கூடக் கணக்கு இறுகும். அதையும் நீ பார்த்திருப்பாய். புத்தகம் அனுமதிக்கிற வேலைதான். ஆனால் சாமி, உன் கணக்கு குழியை மூடுகிற சனிக்கிழமைக்கான கணக்கு. அதற்குப் பின்னால் அந்த மண்ணுக்குள் யார் என்ன செய்வார்கள் என்பது அதில் இல்லை. நான் என்ன செய்தேன் என்பதைத்தான் இனிமேல் எழுதப் போகிறேன்.

அதற்கு முன்னால் நம் வீட்டுச் சங்கதி ஒன்று. நீ ஒன்றாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தாய். கிரைண்டரில் மாவு தள்ளிக்கொண்டிருந்த உன் அம்மா சட்டென்று கையை உதறிக்கொண்டு கத்தினாள். நான் ஓடி வந்து சுவிட்சை அணைத்துவிட்டு முதலில் சொன்ன வார்த்தை, "ஈரக் கையோட தொடாதேன்னு உனக்கு எத்தன தடவ சொல்றது?" என்பதுதான். அவள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு நின்றாள். மாவாட்டுகிறவளின் கை ஈரமாக இல்லாமல் வேறு எப்படி இருக்கும்? ஊரில் பாதிப் பண்ணைகளுக்கு வயரிங் செய்தவனுடைய வீட்டுக் கிரைண்டருக்கு எர்த் இல்லை. மறுநாள் யாரிடமும் சொல்லாமல் சரிசெய்தேன். அவளிடம் தப்பு என்னுடையது என்று சொல்லவில்லை. அந்த வார்த்தை அவ்வளவு சுலபமாக என் வாயில் வந்தது, அவ்வளவு சுலபமாக அவளும் அதை ஏற்றுக்கொண்டாள். பிறகு ஒரு நாள் அதே வார்த்தை வேறொருவர் வாயிலிருந்து வந்தபோது நான் தலையாட்டினேன்.

நாமகிரிப்பேட்டைப் பக்கம் சென்னியப்பன் அண்ணனின் கோழிப் பண்ணை உனக்குத் தெரியும். சின்ன வயதில் உன்னை வண்டியில் முன்னால் உட்கார வைத்துக் கூட்டிப் போயிருக்கிறேன். அங்கே மீட்டர் ரூமிலிருந்து கடைசி ஷெட்டுக்கு நூற்றைம்பது மீட்டர் ஆர்மர் கேபிள் படுத்தவன் நான். ஆர்மரே எர்த். கடைசி ஷெட்டில் தனியாக எர்த் குழிகூட வெட்டவில்லை. கிளாண்டு இரண்டையும் என் கையாலேயே முறுக்கினேன், டெஸ்ட் பண்ணினேன், எல்லாம் சுத்தம். நீ திங்கட்கிழமை சந்தோஷமாக இருந்த மாதிரியே நானும் இருந்தேன்.

மூன்று வருடம் கழித்து அண்ணன் நடுவில் ஒரு ஷெட் கட்ட அஸ்திவாரம் எடுத்தபோது ஜேசிபி அந்தக் கேபிளைக் கவ்வி இழுத்து அறுத்துவிட்டது. சித்திரை வெயில். கடைசி ஷெட்டில் கோழிகள் மேல் தண்ணீரைத் தூவுகிற பம்ப் நின்றுபோயிற்று. நான் போய் இறங்கும்போது கோழிகள் வாயைப் பிளந்துகொண்டு மூச்சு வாங்கின. சாகத் தொடங்கிவிட்டன, பெண்கள் செத்ததைத் தூக்கி வெளியே போட்டுக்கொண்டிருந்தார்கள். "என்ன பண்ணுவீங்களோ தெரியாது, ஒரு மணி நேரத்துல பம்ப் ஓடோணுங்க" என்று அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார். குழிக்குள் இறங்கினேன். உள்ளே இருக்கிற பேஸ் கம்பிகளை ஒழுங்காக ஒட்டினேன், சாமி. அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் அறுந்த ஆர்மரின் இரண்டு பக்கத்தையும் இணைக்கிற ஜாயிண்ட் கிட் என்னிடம் இல்லை. சேலத்துக்கு ஆள் அனுப்பி வாங்கி வர அரை நாள் ஆகும். இந்தப் பக்கத்து இரும்புக் கம்பிகளையும் அந்தப் பக்கத்துக் கம்பிகளையும் சேர்த்துக் கட்டுக்கம்பியால் முறுக்கினேன், மேலே டேப்பைச் சுற்றினேன். "அண்ணா, இது இன்னிக்கு மட்டுந்தானுங்க. நாளைக்குக் கிட்டோட வந்து முறையாப் பண்ணிப்போடறேன், அதுவரைக்கும் குழிய மூட உடாதீங்க" என்றேன். பம்ப் ஓடியது. அண்ணன் கண் கலங்கிவிட்டார்.

மறுநாள் நான் போகவில்லை. வேறொரு பண்ணையில் வேலை இருந்தது. அதற்கடுத்த நாளும் போகவில்லை. நாலாம் நாள் அவரே கூப்பிட்டு, "எல்லாம் நல்லா ஓடுதுங்க. அஸ்திவார வேல நிக்குது, மூடிக்கட்டுங்களா?" என்றார். "மூடிக்கங்க" என்றேன். அவ்வளவுதான் நடந்தது. இதில் பெரிய பாதகம் இருப்பதாக அப்போது எனக்குத் தோன்றவில்லை. எர்த் இல்லையென்று எந்த மோட்டாரும் நிற்காது, எந்த விளக்கும் அணையாது. நம் தொழிலில் மற்ற எது கெட்டாலும் யாராவது கூப்பிட்டுச் சொல்வார்கள். இது கெட்டால் மட்டும் யாருக்கும் தெரியாது, ஒரு ஆள் விழுகிற வரைக்கும்.

விழுந்தவள் பாவாயி. அந்தப் பண்ணையில் முட்டை பொறுக்குகிறவள், அப்போது முப்பது வயதைத் தாண்டியிருக்க மாட்டாள். அவள் புருஷன் காளியப்பன் அங்கேயே தீவன மூட்டை இறக்குகிறவர். குழியை மூடிச் சில வருடம் ஆகியிருந்தது, நீ பத்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தாய். காலை பத்து மணி வாக்கில் பம்பு வால்வில் தண்ணீர் ஒழுகுகிறதென்று அவள் அதை அடைக்கப் போயிருக்கிறாள். தரையெல்லாம் தண்ணீர், காலில் செருப்பில்லை. மோட்டாருக்குள் வைண்டிங் கெட்டு, கரண்டு அதன் உடம்பு முழுக்க ஏறி நின்றிருந்தது. மோட்டார் மேல் ஊன்றிய கை ஒட்டிக்கொண்டது. கத்தக்கூட முடியவில்லை. மூட்டையைப் போட்டுவிட்டு ஓடி வந்து சுவிட்சைத் தட்டியவர் காளியப்பன்தான். உயிர் பிழைத்தாள். வலது கையில் இரண்டு விரல்களை ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். மற்ற மூன்றும் மடங்காது.

அன்று மத்தியானம் அண்ணன் என்னைக் கூப்பிட்டார். கடைசி ஷெட்டில் சுவிட்ச் போர்டின் இரும்புப் பெட்டியைத் திறந்து, டெஸ்ட் லாம்பின் ஒரு முனையைப் பேஸிலும் இன்னொரு முனையைப் பெட்டியின் உடம்பிலும் வைத்தேன். எர்த் இருந்தால் எரிய வேண்டும். எரியவில்லை. எங்கே போய்ப் பார்க்க வேண்டும் என்று என் கால்களுக்குத் தெரியும். ஒரு ஆளை வைத்து அந்த இடத்தைத் தோண்டச் சொன்னேன். ஷெட்டைக் கழுவி விடுகிற தண்ணீர், கோழி எருவின் உப்பு எல்லாம் வருடக் கணக்காக அந்த மண்ணில்தான் இறங்கியிருந்தன. டேப்பைப் பிரித்தேன். நான் முறுக்கிய கம்பிகள் செம்மண் மாதிரி என் உள்ளங்கையில் உதிர்ந்தன. அண்ணன் மேலே நின்றுகொண்டு, "மோட்டார்தானுங்களே?" என்று கேட்டார். "ஆமாங்க, வைண்டிங் போயிருச்சுங்க" என்றேன். பொய்யில்லை. "அதுல இவ வேற ஈரக் கையோட போய்த் தொட்டுப்போட்டா" என்றார். நான் "ம்" என்றேன். உள்ளங்கையில் இருந்ததைக் குழியிலேயே தட்டிவிட்டேன். அன்றைக்கே கடைசி ஷெட் வரைக்கும் தனி எர்த் பட்டை இழுத்து, எர்த் குழியும் வெட்டி, இருட்டுவதற்குள் மூடிவிட்டு வந்தேன்.

அதன் பிறகு நான் செய்த எந்த வேலையிலும் ஆர்மரை மட்டும் நம்பவில்லை. பழைய பண்ணைகளுக்கெல்லாம் நானே தேடிப் போய்ப் பட்டை போட்டேன். "இவருக்கு எர்த்துப் பைத்தியம்" என்று சிரித்தார்கள். காலேஜ் லீவில் நீ என்னுடன் மோகனூர்க் கல்யாண மண்டப வேலைக்கு வந்தாயே, ஞாபகம் இருக்கிறதா? குழி நெடுக உன்னைப் பட்டை ஓட்ட வைத்தேன். "ஆர்மர்தான் இருக்குதேங்கப்பா, இது எதுக்கு?" என்று நிமிர்ந்து கேட்டாய். "போடுன்னாப் போடு" என்று அத்தனை பேர் முன்னால் கத்தினேன். அன்றைக்கு உனக்கு ஒரு பதில் சொல்லியிருந்தால் திங்கட்கிழமை நீ என்னைக் கேட்டிருக்கவே மாட்டாய். திங்கட்கிழமை நான் "போதும்" என்று சொன்னதற்குக் காரணமும் இதுதான். உன் கணக்கை நம்பிச் சொல்லவில்லை. வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பாய். அந்தக் கேள்விக்குப் பயந்து, ஒரு விடுதிப் பிள்ளைகள் அத்தனை பேரையும் அந்தக் குழிக்குள் வைத்து மூடச் சொல்லிவிட்டேன். ஈரத் தலையும் ஈரக் காலுமாகக் குளியலறை ஹீட்டரைத் தொடப்போகிற பிள்ளைகள்.

எனவே பட்டையைப் போடு. அதே குழியில், கேபிளுக்குப் பக்கத்திலேயே போகட்டும். ஆர்மரையும் விட்டுவிடாதே, இரண்டு முனையிலும் கிளாண்டைப் பிடித்து அதையும் எர்த்தோடு சேர், ஒன்று போனாலும் ஒன்று நிற்கும். விடுதிப் பக்கத்திலும் ஒரு எர்த் குழி வெட்டு. கரண்டு கசிந்தாலே விழுந்து ஆளைக் காக்கிற ஆர்சிசிபி சுவிட்சைப் போட்டிருக்கிறேன் என்பாய். போடு, ஆனால் மழை பெய்தால் அது விழுந்துகொண்டே இருக்கிறதென்று எவனோ ஒருவன் அதைத் தாண்டி வயரை நேராக இழுத்துவிடுவான், நான் பண்ணை பண்ணையாகப் பார்த்திருக்கிறேன். கடைசி முனையில் நின்று நீயே மீட்டர் வைத்துப் பார்த்து, வந்த அளவைப் பேனல் கதவின் உள்பக்கம் எழுதி வை. அடுத்து வருகிறவன் அளந்து பார்த்து, எது மாறியிருக்கிறது என்று தெரிந்துகொள்ளட்டும். நாளைக்கு வந்து செய்கிறேன் என்று எந்தக் குழியிலும் நின்று சொல்லாதே. சொன்னால் மறுநாள் விடிந்ததும் முதலில் அங்கே போ. இவ்வளவும் படித்த பிறகும் உனக்கு மனசு வரவில்லை என்றால் சனிக்கிழமை காலையில் நான் பஸ் பிடித்து வந்து குழிக்குள் உட்கார்ந்துகொள்வேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

நேற்று பாவாயியைப் பார்க்கப் போயிருந்தேன். உனக்குச் சொல்வதற்கு முன்னால் அவளுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. நாமகிரிப்பேட்டையைத் தாண்டி ஒரு ஊரில் வீட்டோடு சின்னப் பெட்டிக்கடை வைத்திருக்கிறாள். இடது கையால் தராசைப் பிடித்துப் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தவள் என்னைப் பார்த்ததும், "வயர்மேனண்ணனுங்களா! வாங்க, வாங்க. எங்கீங்க இந்தப் பக்கம்?" என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள். அதில் உட்கார எனக்குக் கூசியது. நின்றுகொண்டே சொன்னேன்.

"அன்னிக்கு உனக்குக் கரண்டு அடிச்சது உன்ற ஈரக் கையினால இல்ல அம்மிணி. மண்ணுக்குள்ள நான் போட்ட ஒட்டுனால. அவசரத்துல கம்பிய வெறுமனே முறுக்கி உட்டுட்டு, மறுநா வந்து சரியாப் பண்றேன்னு சொல்லிப்போட்டு நான் வரவேயில்ல. அது துருப்புடிச்சுப் போச்சு. அது மட்டும் நல்லா இருந்திருந்தா, மோட்டார் கெட்ட அந்தச் செகண்டே கரண்டு தானா நின்னிருக்கும். அன்னிக்கே எனக்குத் தெரியும். சொல்லல."

அவள் தராசை இறக்கி வைத்தாள். "அப்ப ஈரக் கையோட தொட்டதுங்க?"

"ஈரக் கையோட தொட்டாலும் ஒண்ணும் ஆகக்கூடாது. அதுக்குத்தான் அதைப் போடறது."

அவள் என்னைப் பார்க்காமல், ரோட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "பன்னண்டு வருசமா எங்கூட்டு லைட்டு சுச்சிகூட நாந் தொடறதில்லீங்க. அவருதான் வந்து போடோணும். புள்ளைக தண்ணி மோந்துட்டு வந்தா அடிப்பனுங்க, கையத் தொடச்சுக்க, கையத் தொடச்சுக்கன்னு. சின்னவளுக்கு இன்னமும் எங்கிட்டப் பயந்தானுங்க."

மன்னித்துவிடு என்று நான் சொன்னதை அவள் வாங்கிக்கொள்ளவில்லை. "அதைய அப்பறம் பாத்துக்கலாங்க. அவரு மத்தியானம் சோத்துக்கு வருவாரு. இருந்து, எங்கிட்டச் சொன்ன மாதிரியே அவருகிட்டயும் சொல்லிப்போட்டுப் போங்க. நாஞ் சொன்னா அவரு நம்பறதில்லீங்க" என்றாள். இரண்டு மணி நேரம் அந்தக் கடை முன்னால் நின்றும் நடந்தும் காத்திருந்தேன். அவள் வருகிறவர்களுக்குச் சாமான் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு தடவைகூட என் பக்கம் திரும்பவில்லை. காளியப்பன் மொபெட்டில் வந்து இறங்கியதும் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். வண்டியைப் பிடித்தபடியே கேட்டார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. பாவாயியைப் பார்த்து, "நானும் ஈரக் கைன்னு உன்ன நெம்பச் சொல்லிக் காட்டிட்டேனே புள்ள" என்று மட்டும் சொன்னார். சொல்லிவிட்டு வண்டியை நிறுத்த மறந்துபோய் அப்படியே நின்றார். பிறகு என்னிடம், "நீங்க கெளம்புங்க" என்றார். சாப்பிடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்திருக்கும்.

பஸ் நிறுத்தத்துக்குப் பாதி வழி வந்திருப்பேன். பின்னாலிருந்து பாவாயி கூப்பிட்டுக்கொண்டே வந்தாள். பண்ணையில் இப்போதும் புதிதாக வேலைக்கு வருகிற பெண்களிடம் அவள் பேரைச் சொல்லித்தான் பயம் காட்டுகிறார்களாம், பாவாயி மாதிரி ஈரக் கையோட தொட்டுப்போடாதே என்று. "அவிங்க அத்தன பேருகிட்டயும் சொல்லோணுங்க. நீங்க சொல்லுங்க, நான் பக்கத்துல நிக்கறேன்" என்றாள்.

நாளைக் காலையில் பண்ணைக்குப் போகிறோம். சென்னியப்பன் அண்ணனுக்கு நான் எதற்கு வருகிறேன் என்று தெரியாது. தெரிந்த பிறகு என்ன செய்வாரோ, போலீசுக்குப் போவாரோ, லைசென்ஸைப் பற்றி எழுதிப் போடுவாரோ, அது அவர் பாடு; நான் எதையும் மறுக்கப் போவதில்லை. உன் அம்மாவும் கூட வருகிறேன் என்கிறாள், வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் எட்டு மணிக்கே வந்துவிடுகிறேன் என்று பாவாயியிடம் சொன்னேன். "எட்டு மணிக்கு வேண்டாங்க, பாதிப் பேருதான் வந்திருப்பாங்க. எட்டரைக்கு எல்லாரும் வந்து சேர்ந்துருவாங்க, அப்பறம் ஆரம்பிங்க" என்றாள்.

அப்பா